படி ஏறும் பரீட்சை

மூன்றாவது படியிலேயே உயிர் போனது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். முகத்தில் மட்டும் காட்டவில்லை. காட்டினால் தீர்ந்தது கதை.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து இன்று டிஸ்சார்ஜ். "எங்களுது மாடி வீடு டாக்டர், லிஃப்ட் கிடையாது. இவரால ஏற முடியலைன்னா எப்படி?" என்று மகன் குணசீலன் நேற்று டாக்டரிடம் இழுத்ததைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். முதியோர் இல்லம் என்ற பேச்சும் அதில் வந்துபோனது.

ஏறிவிட்டால் வீடு. ஏறாவிட்டால் இல்லம். அவ்வளவுதானே?

முப்பது வருஷம் மின்கம்பம் ஏறிய கால். இந்த ஆஸ்பத்திரிப் படிக்கா பயப்படும்?

"நல்ல கால் முதல்ல தாத்தா. அப்புறம் ஆபரேஷன் பண்ண கால்," என்றாள் பிசியோதெரபி பெண் எஸ்தர்.

ஏறினார்.

கீழே நின்று மகன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மருமகளுக்குக் காட்டத்தான் இருக்கும். பார்க்கட்டும், பார்த்தாலாவது அவள் மனசு இளகட்டும். கைப்பிடியை விட்டுவிட்டு, போனைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். கொழுப்புதான்.

சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

மேல்படியில் கால் வைத்ததும் எஸ்தர் கை தட்டினாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மகன் வீடியோவை அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அப்பாவின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தபடியே ஸ்பீக்கரில் போட்டான்.

மருமகள் இல்லை. யாரோ ஓர் ஆள்.

"பார்த்தேன் சார். ஜம்முனு ஏறுறாரே! இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. படுக்கையில கிடக்கிறவங்களைத்தான் எங்க இல்லத்துல சேர்க்கிறதில்ல. வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கச் சொல்லிடுவோம்."

"ரொம்ப நன்றி சார்," என்றான் மகன். அப்படியொரு நிம்மதி அவன் குரலில்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விளங்கியதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"முடியலம்மா. கால் விட்டுப்போச்சு. என்னால நடக்கவே முடியாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா."

எஸ்தர் சிரித்தாள்.

"போங்க தாத்தா, பொய் சொல்லாதீங்க! அதான் வீடியோ இருக்கே."