தெர்மாகோல் முற்றம்

கடன் பத்திரம் வெளியிட்டு ஊர் நடுவே வணிக வளாகம் கட்டும் தீர்மானம் இன்றும் இழுபறியாகவே இருந்தது. மாநகராட்சி மன்றத்தின் மேசையில் வளாகத்தின் தெர்மாகோல் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. தேநீரும் மிக்சரும் வந்தன. கவுன்சிலர் சந்தனமாரி தன் தட்டிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து மாதிரியின் வாசலில் வைத்தார்.

"மேயரம்மா, இது எங்க வார்டு பூக்காரி. கட்டடம் வந்தப்புறம் இவ எங்க உக்காருவா?"

எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வேகமாக எழுந்து வந்தார். சண்டைதான் என்று மற்ற கவுன்சிலர்களான நாங்கள் நினைத்தோம். அவர் அந்த வேர்க்கடலைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுக்கடலையை வைத்தார்.

"இது கொய்யாப்பழ வண்டி."

ஆளாளுக்கு வைத்ததில் கொஞ்ச நேரத்தில் மாதிரியின் முற்றமே நிறைந்துவிட்டது. தட்டெடுக்க வந்த ஊழியர் துணியோடு குனிந்தார்.

"துடைக்காதீங்க," என்ற மேயர், பொறியாளரைப் பார்த்தார். அவர் மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு ஸ்கேலை எடுத்தார். கடலைகளுக்கு நடுவே ஆள் நடக்க இடமிருக்கிறதா என்று அளக்க ஆரம்பித்தார்.