கடைசியாக வந்த கார்

2006 கோடையில், ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு கார்ப்பந்தய மண் தடத்தில் மனைவி கிருஷ்ணகுமாரி பந்தயக் காரில் ஏறியதும் சிறீஸ்கந்தராசா சன்னலருகே ஓடிப்போய்க் குனிந்தார்.

"குமாரி, மெல்ல ஓடும். ஒருத்தரையும் முந்த வேண்டாம்."

"ஓமப்பா."

சொன்னபடியே முதல் தகுதிச் சுற்றில் அவள் கடைசியாக வந்தாள். இரண்டாவதிலும் அப்படித்தான். அவருக்கு மனம் குளிர்ந்துபோனது.

"கலியாணம் கட்டி இத்தனை வருசத்திலை இண்டைக்குத்தான் என்ரை சொல்லைக் கேட்டிருக்கிறா" என்று பக்கத்தில் நின்ற நண்பர் பாலேந்திரனிடம் பெருமைப்பட்டார்.

இறுதிப் போட்டிக்குக் கார்கள் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் குமாரியின் கார்.

"இவ ஏன் முன்னுக்கு நிக்கிறா?"

"உமக்குத் தெரியாதே? மெதுவா ஓடுற ஆக்களுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டுமெண்டு, கடைசிப் போட்டியிலை வரிசையைத் தலைகீழாக்கிப் போடுவினம். தகுதிச் சுற்றிலை கடைசியா வந்த ஆள்தான் முதல் நிக்கும்" என்றார் பாலேந்திரன்.

சிறீஸ்கந்தராசா வேலிக்கு ஓடினார். "குமாரி, மெல்ல..."

ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்தாள். "ரெண்டு தரம் நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டன். இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பயமெண்டால் கண்ணை மூடுங்கோ."

கொடி அசைந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது வெற்றிக் கிண்ணம் அவள் கையில் இருந்தது.