மேற்கில் ஒரு புதுப் புள்ளி

அந்திச் சிவப்பு அடங்கி வருகிறது. தொலைநோக்கியின் கூரை கரகரவென்று திறந்து ஓய்ந்துவிட்டது. கீழே கட்டுப்பாட்டு அறையில் அவள் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கோ இரண்டு நட்சத்திரங்கள் மோதி விண்வெளியையே அதிரவைத்த செய்தி மதியம்தான் வந்தது. மோதலின் வெளிச்சத்தை முதலில் கண்டவருக்கே பெயர். பழைய படத்தில் மங்கலான விண்மீன் மண்டலம் மட்டும் இருக்கிறது; இன்றைய படத்தில் அதன் ஓரம் கடுகளவு ஒரு புதுப் புள்ளி. அடுத்த படத்திலும் அது இம்மியும் நகரவில்லை; குறுக்கே போகும் விண்கல் அல்ல. கைபேசி அதிர்கிறது. பக்கத்து மலையில் பெரிய தொலைநோக்கியை ஆளும் முன்னாள் கணவன். போன தடவை அவள் ஆசையாகக் காதில் சொன்ன கண்டுபிடிப்பை, விடிவதற்குள் தன் பெயரில் அறிவித்துக்கொண்டவன். “ஏதாவது தட்டுப்பட்டுச்சா? இங்க இப்பதான் மேகம் விலகுது. அந்தப் பக்க வானம் மலைக்குப் பின்னால இறங்கிடும், சீக்கிரம் சொல்லு.” “தேடிட்டுதான் இருக்கேன்,” என்கிறாள் தேன் தடவிய குரலில். அவள் விரல்கள் சத்தமில்லாமல் அறிவிப்பைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. “அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு?” அவன் பல்லைக் கடிப்பது கேட்கிறது. “விளையாடாத. ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்.” “ஒரு பேருக்குத்தான் எடம் இருக்குன்னு அப்ப சொன்னியே.” ஜன்னலில் கடைசிச் சிவப்பும் கரைகிறது. அவள் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள். மறுமுனையில் அவன் கணினி சிணுங்குகிறது. நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்புகிறது. அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்து, அவன் ஒவ்வொரு வரியாக முணுமுணுத்துப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.