பதினோரு வீடுகள்

"எங்க வீட்டை இந்த வார்டுலேர்ந்து வெளியில தள்ளிடுங்கோம்மா."

கிருத்திகா நிமிர்ந்து பார்த்தாள். பெங்களூருக்கு வார்டுகள் கூடிவிட்டன. புது எல்லைகளுக்கு ஆட்சேபணை சொல்ல அன்றுதான் கடைசி நாள். மாநகராட்சி ஆபீசில் அவள் மேஜைக்குக் காலையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு மனு. கன்னடத்தில் கத்தியவர்கள் போக, பெயர்ப்பலகையில் 'கிருத்திகா முனியப்பன்' என்று பார்த்துவிட்டுத் தமிழில் கத்தியவர்கள் வேறு. சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

"தண்ணி வரலையா சார்? குப்பை வண்டியா?"

"அதெல்லாம் ஜோரா வர்றது."

மல்லேஸ்வரம் சீனிவாசராகவன். சர்வே இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் சங்கிலி பிடித்து அளந்து ரிடையரானவர். கையால் போட்ட வரைபடத்தை விரித்தார்.

"கோட்டைக் கிராஸ் ரோட்டுல போட்டிருக்கேள். அதைப் பின்னாடி சந்துக்கு நகர்த்துங்கோ. பதினோரு வீடு பக்கத்து வார்டுக்குப் போயிடும். எங்களுக்காக எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"யார் நிக்கறாங்க உங்க வார்டுல?" அலுப்போடு கேட்டாள். அன்று வந்த முக்கால்வாசி மனுவுக்குப் பின்னால் ஒரு வேட்பாளர் இருந்தார்.

"கண்ணான்னு ஒருத்தன். சீட்டு உறுதியாயிடுத்து. குழந்தைகள் விளையாடற பார்க்கை வளைச்சு ஆபீஸ் கட்டினவன். கேட்கப் போன அக்கம்பக்கத்துக்காராளை ஆள் விட்டு மிரட்டினவன்."

"அப்ப வேற ஆளுக்குப் போடுங்க. இல்லாட்டி அன்னிக்கு வீட்டுலயே இருந்துடுங்க சார். இதுக்குப் போய் மேப்பையா மாத்துவாங்க?"

"ஓட்டுப் போடாம ஒரு எலெக்‌ஷன்கூட இருந்ததில்லம்மா. எழுபத்தாறு வயசுல அதை ஆரம்பிக்க வேண்டாம்."

குரலில் கோபமே இல்லை. பல நாள் தூங்காதவரின் களைப்புதான் இருந்தது.

கிருத்திகா கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். பதினோரு வீட்டுக்காரர்கள். முதல் கையெழுத்து மட்டும் நடுங்கிக் கோணியிருந்தது.

"இது யாரு சார்?"

"என் ஆத்துக்காரி, பாகீரதி."

"அவங்களுக்குக்கூட அந்தக் கண்ணா மேல அவ்வளவு கோபமா?"

"கோபமா?" சீனிவாசராகவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "பெத்த பிள்ளையாச்சேம்மா. பூத்துக்குள்ள அவன் பேரைப் பார்த்துட்டா, எங்க ரெண்டு பேருக்கும் கை வேற எங்கயும் போகாது."