ஏழாவது வெள்ளி

"இன்னொரு தடவை இந்தப் படியை மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்!"

மோட்டார்க்காரர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற தையல்காரர் அசையவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. சொல்லிட்டுப் போயிடறேன்."

"உன் வார்த்தையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. போய்யா!"

விட்டால் போதும் என்பதுபோல் தையல்காரர் திரும்பி நடந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இதே கதைதான். கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு முடிந்ததும் நேரே இந்த மோட்டார் ரிப்பேர் கடைக்கு வருவார். திட்டு வாங்குவார். போய்விடுவார்.

மோட்டார்க்காரர் மறுபடி உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார். வேகமாக இழுத்தார். கம்பி அறுந்தது. அதைச் சுருட்டிச் சுவரில் விட்டெறிந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி டப்பாவை மேஜைமேல் நங்கென்று வைத்தாள்.

"அந்த மனுஷனே இறங்கி வர்றார். நீங்க ஏன் முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க? கேட்டா காது தேஞ்சா போயிடும்?"

"கேட்டா? செத்தவ எழுந்து வந்துடுவாளா?"

அவள் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"வரமாட்டா. ஆனா நீங்களும்ல கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கீங்க! அந்தச் சாவு நடந்து அஞ்சு மாசம் ஆச்சு. சோறு இல்ல, தூக்கம் இல்ல. கோயில் பக்கமே போறதில்ல. யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழறீங்க. தவக்காலத்துலயாவது மனசு மாறக்கூடாதா?"

"கறியை விட்டாச்சு, மனசு மாறியாச்சுன்னு ஊரே வேஷம் போடுது. எனக்கு அது வராது. மன்னிப்பாம், பெரிய மன்னிப்பு! அது என்ன கடைச்சரக்கா, பொட்டலம் கட்டிக் கையில கொடுக்க?"

சாப்பாட்டைத் தொடாமலே தள்ளிவைத்தார்.

தவக்காலத்தின் ஏழாவது வெள்ளியான பெரிய வெள்ளி வந்தது. தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. மோட்டார்க்காரர் மட்டும் வீம்புக்கு ஷட்டரைத் தூக்கினார். "இன்னைக்குமா?" என்று புலம்பிக்கொண்டே மனைவியும் பின்னால் வந்தாள்.

மாலையில் தையல்காரர் வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தார்.

மோட்டார்க்காரர் ஒரே பாய்ச்சலில் அவர் சட்டையைப் பிடித்தார். இன்னொரு கையில் சுத்தியல்.

"உனக்கு ரோஷமே கிடையாதா? எத்தனை திட்டினாலும் வந்து வந்து நிக்கிறியே! இப்படி வாராவாரம் வந்து உயிரை எடுக்கறதுக்கு, ஒரேயடியா என்னைக் கொன்னுட்டுப் போயேன்!"

மனைவி ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கினாள்.

"அவரைப் பேச விடுங்க! கோடிப் புண்ணியம் உங்களுக்கு!"

"சரி, சொல்லு!" சட்டையைப் பிடித்து உலுக்கினார். "சொல்லித் தொலை!"

தையல்காரர் அவர் பிடியை விலக்கவில்லை. அவர் முகமும் சிவந்திருந்தது.

"முதல் வெள்ளிக்கிழமை உங்களைச் சபிக்கத்தான் வந்தேண்ணே. வாய் வரல. அப்புறம் வேற ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அதுக்கும் மனசு முழுசா ஒப்பல. நீங்க விரட்டறப்பல்லாம், நல்லவேளை, சொல்லாம தப்பிச்சோம்னு ஓடிடுவேன். இன்னைக்கு ஓடமாட்டேன்."

மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து எடுப்பதுபோல் சொன்னார்.

"எர்த் வயரை மாட்டாம நீங்க ரிப்பேர் பண்ணிக் கொடுத்த மோட்டாரைத் தொட்டு என் சம்சாரம் செத்தா பாருங்க, அதுக்கு உங்களை நான் மன்னிச்சிட்டேன்."

பிடித்த சட்டையை விடாமலே மோட்டார்க்காரர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐந்து மாதமாக அழாத அழுகையை அழத் தொடங்கினார்.