விருந்தினர் மேசை

லலிதாவின் ரோல்ஸ் தட்டம் விருந்தினர் மேசைக்குப் போனது.

கண்ணால் கண்டும் அவளால் நம்ப முடியவில்லை. மற்றப் பெண்கள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த வடையும் பற்றிஸும் முறுக்கும் சுவரோரத்து நீள மேசையில் குவிந்து கிடந்தன. அவளுடையது மட்டும் வெள்ளை விரிப்பின் மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில்.

ஜேர்மனியின் ரூர் பகுதியில், சின்ன நகரம் ஒன்றில் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. மார்க் நாணயம் புழங்கிய காலம் தொட்டு லலிதாவுக்கு அந்த விழாவில் ஒரே வேலைதான்: ஜூஸ் போத்தலும் கடதாசித் தட்டும் கடையில் வாங்கி வருவது. வீட்டில் ஏதாவது செய்துகொண்டு வா என்று யாரும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முதன்முதல் சந்தித்த அன்று கமலாம்பிகை அக்கா சிரித்த முகத்தோடு, "ஊரில எந்தக் கோயிலடிப் பக்கம்?" என்று விசாரித்தார். லலிதா ஒளிக்காமல் சொன்னாள். அவள் ஊற்றிக் கொடுத்து, அக்காவின் உதடு வரை போன தேநீர்க் கோப்பை அப்படியே மேசைக்குத் திரும்பியது. சாதி என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை.

கமலாம்பிகைதான் பெற்றோர் சங்கத் தலைவி. அவர் தொடாததை மற்றப் பெண்களும் தொடுவதில்லை.

போன வருடம் மகள் ஆதிரையின் பிறந்தநாளுக்கு லலிதா தன் கையால் கேக் அடித்து, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்தாள். ஒரு வீட்டில் காய்ச்சல். ஒரு வீட்டில் விருந்தாளி. ஒரு வீட்டில் திடீரென்று டொக்டரிடம் ஒரு டெர்மின். புதுச் சட்டையோடு யன்னலடியில் நின்ற பிள்ளை, இருட்டிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் பிறந்தநாள்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் தொலைபேசி வந்தது. "லலிதா, இந்த முறை உங்கட ரோல்ஸ்தான். மரக்கறி போட்டுச் செய்யுங்கோ. உறைப்பைக் குறையுங்கோ, என்ன?"

விடியும் முன்பே எழுந்துவிட்டாள் லலிதா. லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் வதக்கி, மெல்லிய தோசையில் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும்போது எண்ணெயைவிட அவள் மனம்தான் அதிகம் துள்ளியது. அக்கா ஒரு வாய் சாப்பிட்டால் போதும். ஊரே சாப்பிட்டுவிடும். பிள்ளைகளும் வருவார்கள்.

விழா மண்டபத்தைத் தந்துதவிய ஜேர்மன் பள்ளித் தலைமை ஆசிரியர், ரோல்ஸை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். இதைச் செய்த கை யாருடையது என்று கேட்டார். கமலாம்பிகை லலிதாவைக் கைகாட்டினார். தலைமை ஆசிரியர் கைதட்ட, மண்டபமே கைதட்டியது.

அத்தோடு விட்டிருக்கலாம் அந்த மனிதர். தட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கமலாம்பிகையிடம் நீட்டினார். நீங்கள் சாப்பிடவே இல்லையே என்று உரிமையோடு கடிந்துகொண்டார்.

நீள மேசையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"அக்கா வடிவா மாட்டுப்பட்டா," என்று யாரோ கிசுகிசுத்தது லலிதாவின் காதில் விழுந்தது.

கமலாம்பிகை ஒரு கணம் ரோல்ஸையே பார்த்தார். பிறகு வாங்கினார். கடித்தார். பெரிய கடி. வாய் நிறைய வைத்துக்கொண்டே, நல்ல ருசி என்று ஜேர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தார்.

லலிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அக்கா சட்டென்று திரும்பிக் கழிவறைப் பக்கம் விரைந்தார். ஐயோ, தொண்டையில் சிக்கிவிட்டதோ! லலிதா ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே குழாய் முழு வேகத்தில் திறந்திருந்தது. கமலாம்பிகை கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, விரலை வாய்க்குள் விட்டு வழித்துத் துப்பிக்கொண்டிருந்தார். தொட்டியில் கரட்டும் கிழங்கும் மிதந்தன.

கண்ணாடியில் லலிதாவைக் கண்டார். திடுக்கிடவில்லை. நிதானமாக இன்னும் ஒரு தடவை வாய் கொப்பளித்தார். கடதாசியால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

"மனசில வைக்காதேங்கோ, லலிதா. தொண்டைக்குள்ள இறங்குதில்லை, நான் என்ன செய்ய? வெள்ளையளுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. இனி வருசா வருசம் அவையின்ர மேசைக்கு நீங்கள்தான்."

கதவில் கை வைத்தவர் திரும்பினார்.

"ஆதிரையின்ர பிறந்தநாள் வருதெல்லே? நான் சொன்னால் எல்லாத் தாய்மாரும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவினம்."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னார்.

"ஓம் அக்கா," என்றாள் லலிதா.

அவர் போன பிறகும் தொட்டியில் தண்ணீர் வடியவில்லை. லலிதா உள்ளே கைவிட்டு, அடைத்துக்கொண்டிருந்ததை வழித்தெடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

வெளியே ஆதிரை மூச்சிரைக்க நின்றாள்.

"அம்மா, கமலா அன்ரி சாப்பிட்டவ! நான் கண்டனான்! அப்ப இந்த முறை எல்லாரும் வருவினமோ?"

"ஓம். எல்லாரும் வருவினம்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"கேக்கை இந்த முறை பேக்கரியில வாங்குவம்," என்றாள் லலிதா. "பெட்டியை நாங்கள் தொடத் தேவையில்லை. கமலா அன்ரியே வந்து திறந்து, வெட்டி, எல்லாருக்கும் குடுப்பா."

"அன்ரியே வெட்டுவாவோ!"

அந்தப் பெருமையைத் தோழிகளிடம் சொல்ல, ஆதிரை மண்டபத்துக்குள் துள்ளிக்கொண்டு ஓடினாள்.