வயரின் தொப்பை

ஹெலன் வீட்டுப் பவள மீன்தொட்டியின் மோட்டார் வயர், சுவரில் இருந்த பிளக்கைவிட ஒரு சாண் தாழத் தொங்கி, பிறகு மேலேறித்தான் பிளக்கைச் சேரும்.

"இதென்னடா தொப்பை? நேரா வரத் தெரியாதா உனக்கு?" என்று பிளக் தினமும் சிடுசிடுக்கும்.

"ஹெலனம்மாதான் இப்படி விட்டாங்க. இருந்துட்டுப் போகட்டுமே" என்று வயர் சிரிக்கும்.

ஒருநாள் தொட்டியிலிருந்து தெறித்த உப்புத்தண்ணீர் வயரோடு வழிந்து இறங்கியது. அதே நேரம் சுவிட்சை அணைக்க ஹெலன் கை நீட்டினாள்.

"ஐயோ, தண்ணி எனக்குள்ள வந்தா அம்மாவுக்கு ஷாக்கடிக்குமே!" என்று பிளக் பதறியது.

தொப்பைவரை வந்த தண்ணீரால் அதற்குமேல் ஏற முடியவில்லை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

ஹெலன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தரையைத் துடைத்தாள்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தொங்குங்களேன்" என்றது பிளக்.